பாண்டிக்கு வர்றீங்களா? இதைப் படிச்சிட்டு வாங்க

வெளியூரிலிருந்து யார் போன் பண்ணி "பாண்டிக்கு வர்றோம், எங்கெங்க போகலாம்?" என்று கேட்டாலும், இடங்களைச் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்றைச் சொல்லிவிடுவேன். கடலில் இறங்காதீர்கள். கேட்கிறவர்களுக்குச் சப்பென்று போய்விடும். "கடற்கரை ஊருக்கு வந்துட்டு கால் நனைக்காம போறதா சித்தி?" என்பாள் என் அக்கா மகள். நனைக்காமல்தான் போக வேண்டும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். விடுமுறைக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகள் அலையில் போனார்கள் என்ற செய்தி ஒவ்வொரு வருடமும் எங்கள் ஊர்ப் பத்திரிகையில் வருகிறது. பெரும்பாலும் கல்லூரி வயதுப் பையன்கள். நண்பர்களோடு வந்தவர்கள். மாலை வீட்டுக்குத் திரும்ப டிக்கெட் வைத்திருந்தவர்கள்.

ஏன் இப்படி என்று தெரிந்தால் நீங்களே ஒதுங்கி நிற்பீர்கள். கடற்கரைச் சாலை நெடுகக் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அது அழகுக்காகப் போட்டதல்ல. முன்பு அங்கே அகலமான மணல் கரை இருந்தது. நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களின் இறுதியில் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில், துறைமுகத்துக்காகக் கல் தடுப்புகளைக் கடலுக்குள் நீட்டிக் கட்டினார்கள். மணல் அங்கேயே தேங்கிவிட்டது. வடக்கே இருந்த எங்கள் கரைக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது, கரையை அரித்தது. ஊரைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, மீனவக் குப்பங்கள் பக்கம் நகர்ந்தது. பிறகு சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்துக் கொடுத்தது. அதன் பலனாக 2019 வாக்கில் அந்தப் பகுதியில் மட்டும் மறுபடி மணல் சேர்ந்தது. எங்கள் பிள்ளைகளின் தலைமுறை பாண்டி கடற்கரையில் மணலைப் பார்த்தது அப்போதுதான்.

அந்த மணலைப் பார்த்ததும் இறங்கத் தோன்றும். ஒருநாள் மாலை அங்கே முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருந்த நாலு பையன்களை வம்பாக்கீரப்பாளையத்துப் பெரியவர் ஒருவர் கரைக்குக் கூப்பிட்டார். அவர்கள் கேட்கவில்லை. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரம் வரை போனார். "தம்பி, மேல தண்ணி சும்மாதான் இருக்கும். காலுக்கு அடியில மணலு போவுதா பாரு" என்றார். ஒரு பையன் குனிந்து பார்த்தான். ஒவ்வொரு அலை திரும்பும்போதும் அவன் குதிகாலைச் சுற்றி மணல் குழிந்துகொண்டே போனது. நாலு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். கல் இருக்கும் இடங்களிலோ நிலைமை வேறு. அலை வந்து போகும் உயரம் வரைக்கும் கல்லின் மேல் பாசி பச்சையாகப் படிந்திருக்கும். உலர்ந்த கல்லில் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் அடுத்த காலைப் பாசியில் வைத்தார்கள் என்றால் கல்லிடுக்கில்தான் போய் விழுவார்கள். அங்கிருந்து தூக்குவது கஷ்டம்.

இதே ஆபத்தை வேறொரு நாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று சொல்கிறேன். ஐஸ்லாந்து என்று வடக்கே ஒரு தீவு நாடு இருக்கிறது. அங்கே ரேய்னிஸ்ஃபியாரா என்ற கறுப்பு மணல் கடற்கரையைப் பார்க்க உலகமெங்குமிருந்து ஜனம் போகிறது. திடீரென்று உயர்ந்து வரும் அலையில் சுற்றுலாப் பயணிகள் சிலர் இறந்த பிறகு, 2022-இல் அந்தக் கரைக்குப் போகும் வழியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விளக்கு வைத்தார்கள். சிவப்பு எரிந்தால் மணலில் இறங்கக் கூடாது, மேலே நின்றே பார்க்க வேண்டும். அந்த நாட்டுக்குப் போகிறவர்களுக்குத் தரப்படும் பயணக் குறிப்புகளில் இதைச் சொல்கிறார்கள். நமக்கும் அப்படி ஒரு விளக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை இந்தப் பதிவைச் சிவப்பு விளக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

குளித்தே ஆக வேண்டும் என்றால், சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் கடற்கரை இருக்கிறது. தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடிச் சான்றிதழை 2021-இல் வாங்கிய கரை. உயிர்காப்பாளர் நிற்கும் நேரத்தில், அவர் காட்டும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள்.

சரி, இனி வரும் வழி.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். வழியில் நிற்காமல் வந்தால் மூன்று, மூன்றரை மணி நேரம். பஸ்ஸில் வருகிறவர்கள் ஈசிஆர் வழியா, திண்டிவனம் வழியா என்று கண்டக்டரைக் கேட்டு ஏறுங்கள். மகாபலிபுரம், மரக்காணத்து உப்பளம் எல்லாம் பார்த்துக்கொண்டு வர ஈசிஆர்தான். ரயிலும் உண்டு, ஆனால் விழுப்புரம் போய்ச் சுற்றி வருவதால் நேரம் கூடுதல். அவசரமில்லாதவர்களுக்கும், கூட்டத்தில் பஸ் ஏற முடியாத பெரியவர்களுக்கும் நல்லது. தெற்கேயிருந்து வருகிறவர்கள் விழுப்புரத்தில் இறங்கினால் அங்கிருந்து 40 கிலோமீட்டர்தான், பஸ் அடிக்கடி இருக்கிறது. லாஸ்பேட்டையில் சின்ன விமான நிலையம் இருக்கிறது. அதில் சேவை வருவதும் நிற்பதுமாக இருக்கும் என்பதால் டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் காரில் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டு வாடகை வண்டி உள்ளே வரப் பெர்மிட் போட வேண்டும். அந்தப் பணத்தை யார் கொடுப்பது என்று புறப்படும் முன்பே டிரைவரிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். எல்லையிலுள்ள கனகசெட்டிக்குளத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு வாக்குவாதம் செய்வதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

எப்போது வரலாம்? பொங்கல் கழிந்து மார்ச் பாதி வரைக்கும் நல்ல காலம். மாசி மகத்தன்று வர முடிந்தால் கட்டாயம் வாருங்கள். சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவமூர்த்திகள் எல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார்கள். மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று தமிழ்நாட்டுப் பக்கத்துச் சாமிகளும் எல்லை தாண்டி வருவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது, ஊரின் தாழ்வான பகுதிகள் எல்லாம் தண்ணீரில் நின்றன. 2011 டிசம்பரில் தானே புயல். அந்த மாதங்களில் வருவதாக இருந்தால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மே மாத வெயில் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் 31 அன்று மட்டும் வராதீர்கள் என்று என் வீட்டுப் பிள்ளைகளிடமே சொல்கிறேன். அன்று கடற்கரைப் பக்கம் வண்டிகளை விடமாட்டார்கள், எங்கோ தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், அறை வாடகை பல மடங்காகியிருக்கும்.

முடிந்தால் வார நாளில் வாருங்கள். சனி, ஞாயிறில் பார்க்கும் பாண்டியும் செவ்வாய்க்கிழமை பார்க்கும் பாண்டியும் ஒன்றல்ல.

தங்குமிடம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அது அவரவர் கையிருப்பைப் பொறுத்தது. கடலோரப் பகுதியில் பழைய வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள், அழகாக இருக்கும், விலையும் அப்படித்தான். அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்கள் சில இருக்கின்றன. சுத்தமாக இருக்கும், வாடகை நியாயம். ஆனால் மது, புகை கூடாது, இரவு குறிப்பிட்ட நேரத்துக்குள் கேட் மூடிவிடுவார்கள். அதற்கு ஒத்துவந்தால் பெற்றோரோடு வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகியவை ஆசிரமத்தின் தரிசன நாட்கள். அந்தத் தேதிகளை ஒட்டி அறை கிடைப்பது கடினம்.

ஊருக்குள் நடந்தே பார்க்கலாம். இதை நம்புங்கள். வடக்கே சர்தார் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடல், இதற்குள்தான் பழைய ஊர் முழுதும் அடக்கம். பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஊர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கோடு போட்ட மாதிரி நேராக ஓடும் இந்த வீதிகளின் திட்டம் 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்களுடையது. பிறகு 1761-இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பார்ப்பது அதன் பிறகு எழுந்தது. வீதிகள் நேராக இருப்பதால் வழி தவறவே தவறாது. கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் அண்ணா சாலை.

ஆட்டோவில் ஏறும் முன் தொகையைப் பேசிவிடுங்கள். மீட்டர் என்று யாரும் போடுவதில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரை, கோரிமேடு, முத்தியால்பேட்டை என்று ஆள் ஏற்றிப் போகும் டெம்போக்கள் இருக்கின்றன, சில்லறை இருந்தால் போதும். வழி கேட்கும்போது சிலைகளும் சிக்னல்களும்தான் எங்களுக்கு அடையாளம். ராஜீவ் காந்தி சிக்னல், இந்திரா காந்தி சிக்னல், அஜந்தா சிக்னல், சிவாஜி சிலை என்று கேளுங்கள். மிஷன் வீதி மாதா கோயிலை நாங்கள் சம்பா கோயில் என்போம், துய்மா வீதியில் இருப்பதைக் கப்ஸ் கோயில் என்போம். வரைபடத்தில் இருக்கும் நீளமான பெயரைச் சொன்னால் பூக்காரம்மாவுக்குத் தெரியாது, இப்படிக் கேட்டால் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவார்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பவர்கள் பலர். வாடகைக்கு விட உரிமம் உள்ள வண்டிக்கு நம்பர் பிளேட்டே வேறு, கறுப்பில் மஞ்சள் எழுத்து. சொந்த உபயோக வெள்ளை பிளேட் வண்டியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் உறவுப் பையன் ஒருவன் பழைய கீறலுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தான். அசல் ஆதார் அட்டையை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ஹெல்மெட் கட்டாயம். நடுவூரில் பல வீதிகள் ஒருவழி, பலகையைப் பார்த்து நுழையுங்கள்.

இந்த ஊருக்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறது. அதற்கு ஒத்துப்போனால் பாதி அலைச்சல் மிச்சம். மதியம் ஒரு மணிக்குக் கடைகள் பல சாத்திவிடுவார்கள், மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம், இன்றும் போகவில்லை. ஆசிரமத்திலும் மதியம் இடைவேளை உண்டு. மணக்குள விநாயகர் கோயிலில் மதியம் நடை சாத்தி மாலையில் திறப்பார்கள். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை வரை வண்டிகள் கிடையாது. ஆகவே காலை ஐந்தரைக்கு எழுந்து கடற்கரைக்கு வாருங்கள், மதியம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்குங்கள், மாலை நாலு மணிக்குமேல் மறுபடி கிளம்புங்கள். உச்சி வெயிலில் மூடிய கதவுகளைப் பார்த்துக்கொண்டு அலைவதில் பயனில்லை.

காலைக் கடற்கரைதான் எங்களுடையது. ஊரே அங்கே நடக்கும். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் சிலையிலிருந்து காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவிடம், தலைமைச் செயலகம் வரை சமதளமான சாலை. சக்கர நாற்காலியில் பெரியவர்களை அழைத்து வந்தாலும் சிரமமில்லை. காந்தி சிலையைச் சுற்றியிருக்கும் எட்டுக் கற்றூண்களின் வேலைப்பாட்டைக் கிட்டப்போய்ப் பாருங்கள், அவை செஞ்சியிலிருந்து வந்தவை. கலங்கரை விளக்கம் 1836-இல் ஏற்றப்பட்டது. மேரி என்று சொல்லும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. அன்று அழுதவர்களை எனக்குத் தெரியும், அதில்தான் தலைமுறை தலைமுறையாகப் பிறப்பு, திருமணப் பதிவு எல்லாம் நடந்தது. பழைய வடிவத்திலேயே மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள்.

ஜூலை 14-ஐ ஒட்டி வந்தால் போர் நினைவிடத்தில் விளக்கு அலங்காரம் இருக்கும், மார்பில் பதக்கங்களோடு பழைய சொல்தாக்கள் வந்து நிற்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து அந்நாட்டுக் குடியுரிமையும் பென்ஷனும் பெற்ற தமிழர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பிரான்சில் நடக்கும் தேர்தலுக்கு இங்கிருந்தபடி ஓட்டுப் போடும் குடும்பங்கள் அவை. எங்கள் ஊருக்கு 1954 நவம்பர் 1 ஒரு விடுதலை நாள், 1962 ஆகஸ்ட் 16 சட்டப்படியான இணைப்பு நாள். இரண்டுக்கும் இங்கே அரசு விடுமுறை. வங்கி வேலை, அலுவலக வேலை இருந்தால் இதையும் மனதில் வையுங்கள்.

இப்போது என் மனசிலிருக்கும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் இருக்கும் நாலு வீதிகளில் படம் எடுத்துக்கொண்டு, அதுதான் புதுச்சேரி என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். பெரிய வாய்க்கால் ஒன்று ஊரை வடக்கு தெற்காக இரண்டாகப் பிரிக்கிறது. அதன் கிழக்கே வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள், மேற்கே நம் ஆட்கள் இருந்தார்கள். வாய்க்காலைத் தாண்டுங்கள். ஆம்பூர் சாலையைக் கடந்து ஒரு முழுக் காலை நேரத்தை அந்தப் பக்கத்துக்குக் கொடுங்கள்.

வைசியாள் வீதியில் ஆரம்பிக்கலாம். பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு அந்த வீதியின் வீட்டு முகப்புகளைச் சீர்செய்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. வீதியில் ஓட்டுக் கூரை ஒன்று மரத்தூண்கள் மேல் இறங்கி நிற்கும், அது தாழ்வாரம். வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்குவதற்காக வீட்டுக்காரர் விட்டது. அதற்குள்ளே திண்ணை. திண்ணைக்கு நடுவில் செதுக்கிய கதவு, கதவு திறந்திருந்தால் உள்ளே முற்றத்தின் வெளிச்சம் தெரியும். தலையைத் தூக்கிப் பாருங்கள். மாடி மட்டும் பிரெஞ்சு! வளைவான ஜன்னல்கள், சாய்ந்த பட்டைகள் வைத்த மரக்கதவுகள், சுண்ணாம்புப் பூச்சில் அலங்காரத் தூண்கள். கீழே தமிழும் மேலே பிரெஞ்சுமாக ஒரே வீடு நிற்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதே வகையில் பெரிய வீடு என்றால் ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர்; 1736 முதல் 1761 வரை தினப்படி நாட்குறிப்பு எழுதியவர் அவர். கப்பல் வந்தது, பஞ்சு விலை, யார் யாரிடம் சண்டை போட்டார்கள், எல்லாம் அதில் இருக்கிறது.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1908-இல் ஆங்கில அரசிடமிருந்து தப்பி வந்து பத்து வருடம் இந்த ஊரில் இருந்தார். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு மூன்றும் இங்கே எழுதியவை. பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. இரண்டும் இன்று நினைவு இல்லங்கள். நடந்தே போகக்கூடிய தூரம்தான். பள்ளிப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் போவது எனக்கு மிகவும் வருத்தம். தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம் முஸ்லிம் குடும்பங்களின் பழைய வீடுகளும் பள்ளிவாசல்களும் இருக்கின்றன. அந்தப் பக்கம் சாயங்காலம் நடங்கள்.

காலை ஏழு மணிக்குப் பெரிய மார்க்கெட்டுக்குள் ஒரு சுற்று போய் வாருங்கள். பூக்கடைப் பக்கம் சாமந்தியும் அரளியும் குவிந்து கிடக்கும், மீன் பகுதியில் அக்காக்கள் அரிவாள்மனையைக் காலில் அணைத்தபடி வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருப்பார்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், மாட்டேன் என்று சொல்கிறவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுக்கச் சந்தைதான், துணி, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம் எல்லாம் கிடைக்கும்.

கடலூர் சாலையில் போகும்போது மூடிக் கிடக்கும் ஏஎஃப்டி பஞ்சாலையின் சுவர் தெரியும். ஒரு காலத்தில் அந்த ஆலையின் சங்கு ஊதுவதை வைத்துத்தான் பாதி ஊர் சமைத்தது. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை என்ற சட்டம் அதன் பிறகுதான் இங்கே வந்தது. விடுதிகளில் கொடுக்கும் சுற்றுலா வரைபடத்தில் இது இருக்காது என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

கிழக்குப் பக்கத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. பாரதி பூங்கா நடுவில் ஆயி மண்டபம், செயிண்ட் லூயி வீதியில் அருங்காட்சியகம், 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் எல்லாம் பார்க்க வேண்டியவை. செயிண்ட் லூயி வீதியிலேயே பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. அங்கே காப்பாற்றி வைத்திருக்கும் சைவ ஓலைச்சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஆசிரமத்தில் அரவிந்தர் சமாதிக்கு முன் பேசக் கூடாது, போனை அணைத்துவிட வேண்டும், கைக்குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. மணக்குள விநாயகர் கோயிலுக்கு வருகிறவர்கள் யானை லட்சுமியைக் கேட்கிறார்கள். 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியில் மயங்கி விழுந்து இறந்துவிட்டாள். ஊரே திரண்டு வழியனுப்பியது.

அந்த மஞ்சள் வீடுகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். வாசற்படியில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பது, நடு இரவில் வண்டியை உறுமவிட்டுப் போவது, பாட்டிலைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போவது எல்லாம் தினமும் நடக்கிறது. அங்கே வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் அதிகம். அவர்களுக்காகக் கேட்கிறேன், குரலைத் தணியுங்கள்.

மது பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டை விட இங்கே விலை குறைவு என்பது உண்மை. அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. இங்கிருந்து தமிழ்நாட்டுக்குள் பாட்டிலைக் கொண்டுபோக முயலாதீர்கள். எல்லையில் மதுவிலக்குப் போலீஸ் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. சரக்கு பறிமுதல் ஆவதோடு வழக்கும் போடுவார்கள், வண்டியும் மாட்டிக்கொள்ளும். குடித்துவிட்டு ஈசிஆரில் வண்டி ஓட்டுவது எத்தனை வீடுகளை நாசமாக்கியிருக்கிறது என்று அந்தச் சாலையோர ஊர்க்காரர்களைக் கேளுங்கள். குடித்தால் அன்றிரவு இங்கேயே தங்குங்கள். குடித்தவர்கள் கடல் பக்கமே போக வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் காலைக் காபி குடிக்கலாம். மீன் குழம்புச் சாப்பாடு எங்கும் கிடைக்கும். பிரெஞ்சு ரொட்டியும் கேக்கும் நல்ல பேக்கரிகளில் காலையில் சுடச்சுடக் கிடைக்கும். சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் வழியாக வியட்நாம் சமையலும் இங்கே வந்து தங்கிவிட்டது. நெம் என்று ஒரு பொரித்த ரோல், கிடைத்தால் விடாதீர்கள். டிசம்பரில் வருகிறவர்கள் விவிக்கம் கேக் கேட்டு வாங்குங்கள். ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறிய பழமும் போட்டு எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்வது.

ஊருக்கு வெளியே என்றால், சுண்ணாம்பாறு படகுத்துறை கடலூர் சாலையில் 8 கிலோமீட்டர். அங்கிருந்து படகில் பாரடைஸ் பீச் போகலாம். ஞாயிறன்று வரிசை நீளம், காலையிலேயே போய்விடுங்கள். ஊசுடு ஏரிக்குப் பனிக்காலத்தில் பறவைகள் வரும். அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டி ரோமானியர்களோடு நடந்த வாணிபத்தை உலகுக்குக் காட்டினார். ஆனால் போய்ப் பார்த்தால் தோப்பும் பழைய செங்கல் சுவரும்தான் இருக்கும், அந்தச் சுவரும் பாதிரிமார் காலத்தது. முதலில் அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளையும் பானைகளையும் பார்த்துவிட்டு அங்கே போனால் மனசு நிறையும். வில்லியனூர்த் தேருக்கு வந்தால் துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதைப் பார்க்கலாம். பிரெஞ்சு கவர்னர்கள் காலத்திலிருந்து தொடரும் வழக்கம் அது. அந்த ஊர்ச் சுடுமண் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வாங்குவதாக இருந்தால் செய்கிறவர்களிடமே வாங்குங்கள்.

ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய குடியிருப்பு. அங்குள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்க்க அங்குள்ள பார்வையாளர் மையத்தில் இலவச அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். உள்ளே உட்கார முன்பதிவு கட்டாயம். வந்த அன்றே உள்ளே போய்விடலாம் என்று நினைத்து வருகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

கடைசியாக எல்லை விஷயம். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை, தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவில் சிதறிக் கிடக்கிறது. ஈசிஆரில் வரும்போது காலாப்பட்டு புதுச்சேரி, அதைத் தாண்டி பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் தமிழ்நாடு, மறுபடி முத்தியால்பேட்டை புதுச்சேரி. செரினிட்டி பீச் இருக்கும் தந்திராயன்குப்பமும் ஆரோவில்லின் பெரும்பகுதியும் விழுப்புரம் மாவட்டம். விபத்தோ திருட்டோ நடந்தால் எந்தக் காவல் நிலையம் என்பதில்தான் நேரம் போகும். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. கூப்பிட்டதும் பாண்டி என்று மட்டும் சொல்லாமல், நீங்கள் நிற்கும் ஊரின் பெயரைப் பக்கத்துக் கடைப் பலகையில் பார்த்துச் சொல்லுங்கள். பெரிய சிகிச்சைக்கு கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது, அங்கே அவசர சிகிச்சைப் பிரிவு இரவு பகல் திறந்திருக்கும்.